எல்லாச் சாமிக்கும் ஒரு பட்டினி

கொச்சி மட்டாஞ்சேரியில் எத்தனை சாமிகள் குடியிருக்கிறார்களோ, அத்தனை பேருக்காகவும் பட்டினி கிடந்த ஒரே ஜீவன் எங்கள் எதிர்வீட்டு ‘நோன்பு’தான். ப்ளஸ் ஒன் படிக்கிற பெண். சொந்தப் பெயரைச் சொல்லி அவளைப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

அவள் அம்மா நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவள். இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், டயாலிசிஸுக்காக எர்ணாகுளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அதற்கு மகள் கண்டுபிடித்த வைத்தியம் பட்டினி. ஏகாதசிக்குச் சோறு கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மீன் கிடையாது. ரமலான் பகலில் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது.

சாயா நீட்டினால், “வேண்டா மாமா, இன்னிக்கு விரதமாக்கும். நீங்களும் குடிக்கண்டா, ஷுகர் இல்லியா?” என்பாள். சர்க்கரை வியாதிக்காரனான நான் அவள் முன்னாலேயே மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்குவேன். எந்தச் சாமிக்காகவும், எந்த டாக்டருக்காகவும் நான் எதையும் விட்டதில்லை.

ஒரு ரமலான் சமயம், கூடப் படிக்கும் ஜைன மதத்துப் பெண் ஒருத்தி, தங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம் என்று சொல்லித் தொலைத்தாள். நோன்பு அதையும் சேர்த்துக்கொண்டாள். பகலில் அது விடாது, ராத்திரியில் இது விடாது. பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தவளை நான்தான் ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“ஏதாவது ஒரு சாமியைப் பிடிச்சுக்கோடி” என்றேன்.

“கிட்னி ரெண்டும் போச்சு மாமா. ஒரு சாமி எப்படிப் போதும்?”

கட்டிலில் கிடந்த அம்மா, “எனக்கு முன்னால இவ போயிடுவா அண்ணா” என்றாள்.

போகவில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை அம்மாதான் போனாள். எடுக்கிறவரை சாவு வீட்டில் அடுப்பு எரியாது; வந்தவர்கள் எல்லாரும் பட்டினி. நோன்பு மட்டும் என்னிடம் வந்து, “மாமா, பொறோட்டாவும் முட்டைக்கறியும் வாங்கித் தருவீங்களோ?” என்றாள்.

வாங்கிவந்தேன். பெண்கள் முணுமுணுக்க, வாசற்படியில் உட்கார்ந்து முழுவதையும் தின்றாள். “இனி ஆருக்கு மாமா பட்டினி?” என்றாள். அவள் அழவில்லை.

இப்போது சித்தியோடு அதே வீட்டில் இருக்கிறாள். போன வாரம் சாயா நீட்டினேன்.

“வேண்டா மாமா, விரதம்.”

“இப்ப யாருக்குடி?”

“உங்களுக்கு. மூணு ஸ்பூன் போடற ஆளுக்கு வேற என்ன செய்யறது?”

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அன்று முதல் சர்க்கரை இல்லாத சாயாதான். வாயில் வைக்க விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சாப்பிட வேண்டுமே.