மாமனார் ஆயில் பார்க்க வருகிறார்

"இன்னிக்கு வேண்டாமே மாமா... வெயில் வேற கொளுத்துது..." என்று பல்செட் போனில் இழுத்தபோது, மாமனார் ஏற்கெனவே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"முதல் ஞாயிறு மாப்பிள்ளை. ஆயில் பார்க்கணும். அரை மணியில வந்துடறேன்."

ஆயில் பார்க்க வருகிறார், சரி. பார்க்கக் கார் வேண்டாமா? அதை விற்று மூன்று வாரம் ஆகிவிட்டதே!

பல்செட் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறவன். மாமனார் வாயில் இருப்பதும் அவன் செய்த செட்தான். அவர் சிரித்தாலும் திட்டினாலும் அவனுடைய கைவேலைதான் முதலில் வெளியே வரும்.

கார் அவன் மனைவியுடையது. அவள் போய் எட்டு மாதம். ஒரு வருஷமாகவே களைப்பு, மூச்சு வாங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போ என்றால், "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல" என்பாள். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் நாற்பது நாள். அவ்வளவுதான்.

மாமனார் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் எஞ்சின்களோடு மாரடித்தவர். மகள் கார் வாங்கிய மாதத்திலிருந்து, முதல் ஞாயிறு தவறாமல் வந்து ஆயில் பார்ப்பார். மகள் போன பிறகும் நிறுத்தவில்லை. வருவார், ஆயில் பார்ப்பார், ஒரு காபி குடிப்பார், அவள் ரிவர்ஸ் பழகி கேட்டை இடித்த கதையைப் புதுசு போலச் சொல்வார். இருவரும் சிரிப்பார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அந்த வீட்டில் அவளைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான்.

பின்னே ஏன் விற்றான்? டிரைவர் சீட்டினால்தான். அவள் குள்ளம். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்து வைத்திருப்பாள். இவன் ஓட்ட வேண்டுமானால் அதைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளக் கை வரவில்லை. முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டிப் பார்த்தான். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாளே புரோக்கரைக் கூப்பிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். வாங்குகிறவர் யாரென்றுகூடக் கேட்கவில்லை.

இப்போது அவனுக்கு ஒரே ஒரு பயம். கார் இல்லாத வீட்டுக்கு மாமனார் எதற்கு வருவார்? பெண் போயாச்சு, பேரக்குழந்தையும் இல்லை. இந்தக் காரையும் விட்டால் அவருக்கும் இவனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

எதிர்வீட்டு டீச்சரிடம் அதே கார், அதே வெள்ளை நிறம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"டீச்சர், ஒரு மணி நேரம் உங்க காரை என் வீட்டு வாசல்ல நிறுத்திக்கட்டுமா?"

"எங்கயாவது போகணுமா சார்?"

"எங்கயும் போகல. சும்மா நிக்கணும்."

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மனைவியை இழந்தவன், பாவம், என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். "பத்து மணிக்கு எனக்கு வேணும் சார்" என்று சாவியைக் கொடுத்தார்.

கார் வந்து நின்றது. நம்பர் பிளேட்? தோட்டத்து மண்ணைக் குழைத்து அப்பினான். பின்பக்கத்துக்கு மண் போதவில்லை. கார் துடைக்கிற துணியை நனைத்துக் காயப்போடுவதுபோல் தொங்கவிட்டான். கண்ணாடியில் ஒட்டியிருந்த டீச்சரின் பள்ளிக்கூட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். பாதி வந்தது, பாதி வரமாட்டேன் என்றது. அதற்குள் மாமனார் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, கையெல்லாம் சேறு?"

"கார் கழுவறேன் மாமா."

மாமனார் சேறு அப்பிய நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "நல்லாக் கழுவறீங்க" என்று மட்டும் சொன்னார்.

பானெட்டைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

"மாப்பிள்ளை! என்ன அநியாயம் இது? மேல் கோடு, கீழ்க் கோடு ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். இதுல நுனியில ஒட்டிக்கிட்டிருக்கு. அதுவும் தார் மாதிரி!"

பல்செட் விழித்தான். டீச்சர் கார் வாங்கியதிலிருந்து அந்தக் குச்சியைத் தொட்டதே இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"போன மாசம் சரியாத்தானே இருந்தது மாமா..."

"அதான் நானும் கேக்கறேன்! ஒரே மாசத்துல எங்க போச்சு?"

பையிலிருந்து ஆயில் டப்பாவை எடுத்து ஊற்றினார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தரையில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தவர் குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"இரும்புக்கு ஒரு குச்சி வெச்சிருக்கான் மாப்பிள்ளை. எடுத்துப் பார்த்தா எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிடுது. என் பொண்ணுக்கு அப்படி ஒண்ணு இருந்திருந்தா மாசாமாசம் பார்த்திருக்க மாட்டேனா? மாசாமாசம் இங்க வந்தேனே. காரைத்தானே பார்த்தேன். அவளைப் பார்க்கலையே."

நான் கூடவே இருந்தேனே மாமா, நானும் பார்க்கலையே என்று சொல்லப் பல்செட் வாயெடுத்தான். வரவில்லை. அவர் தோளைத் தொட்டான். சேறு ஒட்டிக்கொண்டது.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்படியே விட்டா எஞ்சின் செத்துடும். ரெண்டு தெரு தள்ளி நம்ம மெக்கானிக் ஞாயித்துக்கிழமையும் திறந்திருப்பான். கிளம்புங்க."

"இப்பவா? நாளைக்கு நானே..."

"நாளைக்கு நாளைக்குன்னு சொன்னது போதும் மாப்பிள்ளை."

கடை திறந்திருக்கிறதா என்று கேட்கப்போவதாகச் சொல்லி, மாமனார் போனோடு தெருமுனை வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். திறந்திருக்கிறதா இல்லையா என்று கேட்க இவ்வளவு நேரமா என்று அவனுக்குத் தோன்றியது. கவலைப்பட அதைவிடப் பெரிய விஷயங்கள் இருந்தன. அதில் ஒன்று எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தது.

"சார்! சும்மா நிக்கும்னு சொன்னீங்க? என் வண்டியை எங்க கொண்டு போறீங்க?"

"டீச்சர் அடிக்கடி இரவல் வாங்குவாங்க மாமா" என்று பல்செட் அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "பழக்கத்துல என் வண்டின்னு வந்துடுது."

டீச்சருக்கு வாய் பிளந்தது.

"ஏம்மா, இரவல் வண்டின்னா ஆயில் பார்க்கக் கூடாதா?" என்றார் மாமனார்.

"ஆயிலா? அதான் மாசாமாசம் பெட்ரோல் போடறேனே!"

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவர் சீட்டைப் பார்த்தார். டீச்சர் நல்ல உயரம், சீட் நன்றாகப் பின்னால் கிடந்தது. ஏதோ சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினார். அப்பாடா, கவனிக்கவில்லை என்று பல்செட் பெருமூச்சு விட்டான். டீச்சர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டியை விட்டுப் பிரிய அவர் தயாராக இல்லை.

ஒர்க்ஷாப்பில் மாமனார் இறங்கியதும், "டீச்சர், ஆயில் ஒழுகாம இருக்க கேஸ்கெட் ஒண்ணு வாங்கணும், கூட வாங்க. வண்டி ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் தெரியணும்" என்று பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக வகுப்புக்கு மாணவியாகப் போனார்.

பல்செட் கை கழுவத் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் பின்பக்கம் போனான். அங்கே ஒரு கார் நின்றது. தார்ப்பாய் பாதிதான் எட்டியிருந்தது. முன்பக்கம் வெளியே தெரிந்தது.

நம்பரைப் படித்தான். மறுபடி படித்தான்.

அவளுடைய கார்!

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டி, அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. வாங்கிய மனிதன் அதை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. ஏன் நகர்த்தவில்லை என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. அழவும் நேரமில்லை. வெளியே மாமனாரின் குரல் கேட்டது.

தார்ப்பாயை இழுத்தான். முன்னால் மூடினால் பின்னால் திறந்தது, பின்னால் மூடினால் முன்னால் திறந்தது. கடைசியில் நம்பர் பிளேட்டுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஸ்பானரோடு வந்த மெக்கானிக் அவனை விநோதமாகப் பார்த்தார்.

"அண்ணே, கெஞ்சிக் கேக்கறேன்" என்றான் பல்செட். குரல் உடைந்தது. "இந்த வண்டி எங்க மாமனார் கண்ணுல படக்கூடாது. எதையாவது போட்டு மூடுங்கண்ணே. நான் வித்துட்டேன்னு தெரிஞ்சா அவர் அப்புறம் என் வீட்டுக்கு வரவே மாட்டாரு. எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மூடச் சொல்லித்தான் சார் அவரும் இப்போ போன் பண்ணாரு. 'என் மாப்பிள்ளை வர்றாரு, வண்டியை நான்தான் வாங்கி வெச்சிருக்கேன்னு தெரியக் கூடாது, தெரிஞ்சா மாசாமாசம் அவரைப் பார்க்கப் போக எனக்கு வேற சாக்கு இல்ல'ன்னு."