மருமகனுக்கு எடுத்த பாராட்டு விழா

மருமகனைப் பற்றிப் பெருமை பேசுவதில் பிழையில்லை. மண்டபம் எடுத்துப் பேசினால்தான் பிழை. நான் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கிற லாசாலில் மண்டபம் எடுத்தேன்.

என் மகள் சுமதி கட்டியது எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்கப் பிள்ளையை. பெயர் டேவிட். அங்கே ஒரு கல்லூரியின் பந்தாட்டக் குழுவுக்குத் தலைமைப் பயிற்சியாளர். (காலால் உதைக்கிற பந்தாட்டமில்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் விழுத்துகிற பந்தாட்டம்.) கோயிலில் யாராவது கேட்டால் பந்தை விழுங்கிவிட்டு, "கல்லூரியில தலைமைப் பதவி" என்பேன். பொய்யில்லை, சுருக்கம்.

விழாவுக்குக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். பஞ்சாங்கம் பார்த்தேன்; பந்தாட்டம் பார்க்கவில்லை. அந்த வருடம் முழுக்கத் தோல்விதான் என்று சுமதி போனில் அழுதாள்.

"பொடியள் தோத்தா வாத்தியாருக்கு என்னடி? எங்கட ஊரில பொடியளுக்கெல்லோ அடி விழும்" என்றேன்.

அமெரிக்காவில் அடி வாத்தியாருக்குத்தானாம். சனிக்கிழமை கடைசி ஆட்டமும் போய்விட்டது. ஞாயிறு அவர்கள் காரில் வந்துகொண்டிருந்தபோதே கல்லூரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது. மண்டப வாசலில் சுமதி என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, விழாவை விடுங்கோ. காலமை அவரை வேலையால நிப்பாட்டிப் போட்டினம்."

"சாப்பாடு வந்திட்டுது. இனி விடேலாது. அவரை வாயைத் திறக்க வேண்டாமெண்டு சொல்லு."

கோயில் சபைத் தலைவர் செல்லத்துரை அண்ணை ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒலிவாங்கி கிடைத்தால் விடமாட்டார். "புயலடிச்சாலும் அசையாத உத்தியோகம்" என்று முழங்கிப் பொன்னாடையைப் போர்த்தினார். நான் முன்வரிசையில் பட்டுச்சேலைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் நேர்மையான மனுசன். (அந்த ஒரு குறையைக் கலியாணத்துக்கு முன் விசாரித்திருக்க வேண்டும்.) எழுந்து, தன்னைக் காலையில் நீக்கிவிட்டார்கள் என்றும், தோல்விக்குத் தானே பொறுப்பு என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். துரதிர்ஷ்டம், மண்டபத்தில் எல்லாருக்கும் ஆங்கிலம் விளங்கும்.

செல்லத்துரை அண்ணை என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, பொன்னாடையைத் திருப்பி வாங்கிறதோ?"

இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று நான் நிலத்தைப் பார்த்தேன். சுமதிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒலிவாங்கியைப் பறித்தாள்.

"அவர் ஒண்டும் தெருவில நிக்கேல்லை. ஒப்பந்தம் முடியுமட்டும் சம்பளம் குடுப்பினம்."

"வேலைக்குப் போகாமலோ?" என்றார் செல்லத்துரை அண்ணை.

"ஓம். வராதேங்கோ எண்டுதான் குடுக்கினம்."

அண்ணை சபையைப் பார்த்து நிமிர்ந்தார்.

"அப்ப அது பென்சன்."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். இந்த வயதிலேயே பென்சனா என்று பொம்பிளைகள் மூக்கில் விரல் வைத்தார்கள். படமெடுக்க வரிசை நின்றது. என் பக்கத்திலிருந்தவ, தன் மகனுக்கும் இப்படி நீக்குகிற வேலையாக ஒன்று பார்க்கச் சொல்லி மருமகனிடம் கேட்கச் சொன்னா. நான் தலையை நிமிர்த்தி, "பாப்பம்" என்றேன்.

அடுத்த மாசியில் இன்னொரு கல்லூரி அவரை வேலைக்கு எடுத்தது; பென்சன் நின்றுபோனது. செய்தி கேட்டுக் கோயில் பொம்பிளைகள் நாலைந்து பேர் பழத்தோடு வீட்டுக்கு வந்தார்கள்.

"கவலைப்படாதேங்கோ அக்கா. ஆருக்கும் வாறதுதானே" என்றார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது வேலை கிடைத்தால் ஒருவரும் வாழ்த்துவதில்லை. எப்ப நிப்பாட்டுவினம் என்றுதான் கேட்பார்கள்.