மண்வெட்டிப் பொறி

மேஸ்திரிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு வாரமாகக் கொல்லையில் குத்தவைத்து, மண்வெட்டியால் கல்லை அடித்துக்கொண்டிருந்தார். பொறி வரவில்லை. மண்வெட்டிதான் மழுங்கியது.

"கல்லு தோத்துச்சா, நீங்க தோத்தீங்களா?" என்றாள் மனைவி, தைலம் தேய்த்தபடி.

காட்டுத்தீ அணைக்கும் குழுவுக்கு அவர் மேஸ்திரி. போன கோடையில் மலைச்சரிவில் தீ வந்து குழுவை வளைத்துக்கொண்டது. நிலைய அதிகாரியும் கூட இருந்தார். வருகிற தீக்கு முன்னால் புல்லை நாமே கொளுத்திவிட்டால், பெரிய தீக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கொளுத்த எதுவுமில்லை. தீப்பெட்டியோ லைட்டரோ வைத்திருந்தால் வேலை போய்விடும். தினமும் காலையில் அதிகாரியே ஒவ்வொருவன் சட்டைப்பையையும் தடவிப் பார்ப்பார்.

வந்த வண்டிக்குள் எல்லோருடைய மஞ்சள் கோட்டுகளும் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி. மேஸ்திரி உதறிப் பார்த்தார். ஒன்றிலிருந்து லைட்டர் விழுந்தது. பற்றவைத்தார், பதற்றத்தில் அதையும் புல்லோடு போட்டுவிட்டார். எல்லோரும் உயிரோடு இறங்கி வந்தார்கள்.

எப்படிக் கொளுத்தினாய் என்று மேலிடம் கேட்டது. எவனோ ஒருவன் பிழைப்பில் மண் விழக்கூடாதென்று, "கல்லுல மண்வெட்டியால அடிச்சேன், பொறி வந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். தலைமைக்கும் புதுமைக்குமான விருது என்றார்கள். மேடையில் செய்தும் காட்ட வேண்டுமாம்.

அந்தக் கல் மலையில்தான் கிடைக்கும் என்று நழுவப் பார்த்தார். ஒரு லாரி கல் வந்து இறங்கியது. அன்றைக்கு அடித்த காற்று வேண்டும் என்றார். ஆள் உயர மின்விசிறி வந்தது. இடுப்பு வலி என்றார். அவரிடம் கற்றுக்கொள்ள எல்லா நிலையங்களிலிருந்தும் ஆள் வரப்போவதாகவும், புது மண்வெட்டிகளுக்குச் சொல்லியாயிற்று என்றும் பதில் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று அதிகாரியின் அறைக்குப் போனார். வாயைத் திறப்பதற்குள் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"மண்வெட்டின்னு எழுதியாச்சு. மண்வெட்டிதான்."

விழா நாளன்று மேடையில் வைக்கோல் குவித்திருந்தார்கள். மேஸ்திரி அடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் மனைவி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யன் என்று தெரிந்தால் விருது போகட்டும், வேலையும் போகும்.

நிலைய அதிகாரி எழுந்து வந்தார். விசிறிக் காற்றில் பொறி அணைகிறது, தான் மறைத்துக்கொள்வதாகச் சொல்லி, கோட்டை விரித்து வைக்கோல் பக்கம் குந்தினார்.

அடுத்த அடிக்கு வைக்கோல் குப்பென்று பற்றியது.

கைதட்டல் ஓயவில்லை. கொல்லையில் வராத பொறி இங்கே வந்ததில் மேஸ்திரிக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. இடுப்பு வலிகூட மறந்துபோயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

பதக்கத்தைக் குத்திவிட்ட அதிகாரி காதோரம் குனிந்தார்.

"இப்ப பத்தவெச்சது புதுசு. அன்னைக்கு மலையில என் கோட்டுலேருந்து எடுத்தீங்களே, அந்த லைட்டர் இன்னும் பாக்கி, மேஸ்திரி."