பவர் சாமியும் இரண்டு பேட்டரியும்

"அந்தச் சாமிக்கு பயங்கர பவராம், பாரதி."

"எத்தனை வோல்ட்டாம்?"

ரவிசங்கரும் அவர் மனைவி ஜெயபாரதியும் மூன்று மாதத்துக்கு முன்னால் பேசிக்கொண்டது இது. அன்றே ரவிசங்கர் சிரித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. அவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமையானால் குவைத்தின் மங்காஃப் பகுதியில் ஒரு கட்டடத்து லிஃப்டில் இடம் கிடைப்பதில்லை. நாலாவது மாடியில் பவர் சாமி. ஊரில் வெறும் ராக்கப்பன். விசிட் விசாவில் குவைத்தில் இறங்கியதும் சாமி. கூடத்தில் மஞ்சள் துணி, அதன்மேல் உள்ளங்கை அளவு சிவப்புப் பொம்மைக் கார். காணிக்கை வைத்துக் கேட்க வேண்டும். கார் ஓடினால் உத்தரவு, நின்றால் இல்லை. பெரிய பெரிய இன்ஜினீயர்கள் அதன் முன் கைகட்டி நின்று பிரமோஷன் கேட்டார்கள். படித்த படிப்பைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டிருப்பார்கள் போலும்.

ஜெயபாரதி எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று அவளை லேப் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கடிதம் ஒரு வாரமாகக் கைப்பையிலேயே கிடந்தது. புருஷனிடம் சொன்னால் "சாமிகிட்ட கேட்டுடுவோம்" என்பார். குழந்தைக்குப் பால் பவுடர் மாற்றுவதற்கே கார் ஓடிக்காட்ட வேண்டிய வீடு அது.

ரவிசங்கரோடு அவளும் போயிருந்த அந்த வெள்ளிக்கிழமை, கார் யாருக்கும் அசையவில்லை.

"நம்பாதவங்க யாரோ உள்ள இருக்காங்க. அதான் பவர் வரலை" என்றார் சாமி. ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளை முறைத்தார்கள்.

"பவர் வரலைன்னா பேட்டரியைப் பாக்கணும் சாமி." ஜெயபாரதி காரைக் கையில் எடுத்துவிட்டாள்.

"தொடாதே தாயி, தீட்டு."

"அடியில மேட் இன் சைனான்னு போட்டிருக்கே. அங்க தொட்டவங்களுக்குத் தீட்டு இல்லையா?"

மூடியைத் திறந்தாள். பேட்டரி சரியாக உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங்கில் துரு இல்லை. சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டதும் முன்விளக்கு எரிந்தது.

"காருக்குப் பவர் இருக்கு. அப்ப கோளாறு ரிமோட்ல. ரிமோட் எங்க சாமி?"

"இது அருளால ஓடுது" என்றார் சாமி. ஆனால் கண் சமையலறைத் திரைப்பக்கம் போய்வந்தது.

ஜெயபாரதி திரையை இழுத்தாள். சாமியின் மைத்துனர் வீரபாண்டி, நாற்பத்தைந்து வயது, மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பேட்டரியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். பேட்டரி தீர்ந்தால் நம்மவர்கள் செய்வதுதான். அருள் தீர்ந்தாலும் அதே வைத்தியம்தான் போலிருக்கிறது.

கூடத்து டிவி ரிமோட்டிலிருந்த இரண்டு பேட்டரிகளைக் கார் ரிமோட்டில் மாற்றிப்போட்டு அமுக்கினாள். கார் விர்ரென்று ஓடி ரவிசங்கரின் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது.

"இவ்வளவு நாளும் இந்த ஆளையா கேட்டுட்டிருந்தோம்?" என்றார் அவர்.

"ஆமாங்க. காருக்கு ரெண்டு பேட்டரி போதும். தலைக்கு ஒண்ணும் போடவேணாம், யோசிச்சாலே ஓடும்."

கைப்பையைத் திறந்து கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் வேலைக்குப் போகணும். காரை இல்ல, உங்களைத்தான் கேக்கிறேன்."