கனடாவில் குதிரையேறிய லஸ்கர்

குதிரையை 'வாங்க, போங்க' என்று மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் லஸ்கர்.

"ஏண்ணே, குதிரைக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?" என்று கேட்டேன்.

"எழுவத்திரண்டு வயசுக் கிழவனத் தூக்கிச் சுமக்குறாங்க தம்பி. வாடி போடின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு குனிந்து குதிரையின் காதில், "கொஞ்சம் நில்லுங்கம்மா. வாய்க்கா ஒண்ணு வருது, பாத்துட்டு வந்துடுறேன்" என்றார். குதிரை நின்றது. இது நடந்தது மேற்குக் கனடாவில், மலையடிவாரத்து மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில்.

லஸ்கர் என்பது அவர் பெயர் அல்ல, உத்தியோகம். வாய்க்கால் மதகைத் திறப்பது, மூடுவது, ஆற்றங்கரையில் உடைப்பு விழாமல் காப்பது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கொள்ளிடக் கரையோரம் ஒரு சிறிய பாசன அலுவலகத்தில் அவர் லஸ்கர், நான் டைப்பிஸ்ட்.

ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் கரையில் குப்புறப் படுத்து, காதை மண்ணில் வைத்துக் கேட்பார். புதிதாக வந்த இன்ஜினீயர் ஒருவர் அதைப் பார்த்து, ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று சோடா வாங்கி வரச் சொன்னார். லஸ்கர் எழுந்தார், சோடாவை முழுதாகக் குடித்தார், பிறகு "உள்ள நண்டு வளை. தண்ணி பேசுது சார்" என்றார். தோண்டிப் பார்த்தால் முழங்கை போகிற அளவுக்கு ஓட்டை. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்துக்கு எழுந்து போவார். பின்பக்கம் எங்கோ குழாய் சொட்டுவது அவருக்கு மட்டும் கேட்டிருக்கும். அடைத்துவிட்டு வருவதற்குள் இலையை எடுத்திருப்பார்கள். அவர் முழுதாகச் சாப்பிட்ட கல்யாணம் எதுவும் எனக்கு நினைவில்லை.

இப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போகலாம். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி. கொள்ளிடத்தில் வெள்ளம் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. லஸ்கர் மூன்று நாளாகக் கரையிலேயே கிடந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. அவருடைய ஒரே மகள் மலர், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "மாமா, அம்மாவுக்கு நெஞ்சுவலி. ரொம்ப முடியல. அப்பா அப்பான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. உடனே அனுப்பி வைங்க மாமா" என்று அழுதாள். "பயப்படாதம்மா, இப்பவே சொல்லிடுறேன்" என்றேன்.

அதிகாரியிடம் ஓடினேன். "அந்த ஆள விட்டா கரையத் தெரிஞ்சவன் இங்க எவனும் இல்ல. தண்ணி வடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். நான் அப்போது தற்காலிக ஊழியன். சரி சார் என்றேன். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மணல் மூட்டை ஏற்றிய லாரியில் நானே கரைக்குப் போனேன். லஸ்கர் இடுப்பளவு சேற்றில் நின்றபடி, "ஆபீஸ்ல ஏதும் சேதி உண்டா தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா போய்விட்டார். தண்ணீர் வடிந்த பிறகு, சாயந்திரம்தான் லஸ்கர் போய்ச் சேர்ந்தார். கரை நின்றது, கீழே நாலு ஊர் பிழைத்தது. மலர் அன்றோடு அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஆபீசுக்குப் போன் பண்ணியும் வராமல், பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கட்டிக்கொண்டவர் என்பது அவர் முகத்துக்கு நேரே அவள் சொன்ன தீர்ப்பு. லஸ்கர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. சேதி தனக்கு வந்து சேரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வேலை நிரந்தரமானது, சம்பளம் உயர்ந்தது, ஓய்வும் பெற்றேன்.

மலர் படித்து, நர்ஸாகி, கனடாவில் குடியேறினாள். கடமையில் குறை வைக்காத பெண். இந்த வருஷம் அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பினாள். துணைக்கு என்று எனக்கும் ஒன்று. "அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் மாமா என்கிட்ட அன்பா பேசுனீங்க. நீங்களும் வரணும்" என்று போனில் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வீட்டில் மூன்று வாரம் நான்தான் தபால்காரன். "அவங்கள ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுங்க மாமா." "போட்டுக்குறேன்னு சொல்லு தம்பி." இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குள் ஓடும் ஆற்றை லஸ்கர் தினமும் போய்ப் பார்த்தார். ஒரு நாள், "இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டுச் சொல்லு" என்றார். மலையிலிருந்து என்றாள் மலர். "அது புறப்படுற தலைப்பப் பாக்கணும்" என்றார். அங்கே ரோடு கிடையாது, குதிரையில்தான் போக வேண்டும் என்று அவரை அடக்கப் பார்த்தாள். "அப்ப குதிரையிலயே போவோம்" என்றார் லஸ்கர், ஏதோ நம்மூர் வெண்ணாற்றைத் தாண்டிப் போகிற மாதிரி. அவளும் அப்பாவின் மகள்தான். மூன்று பேருக்கும் மூன்று நாள் குதிரைப் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டாள்.

பண்ணைக்காரர் அகலத் தொப்பி வைத்த, அதிகம் பேசாத மனிதர். லஸ்கருக்கு டெய்சி என்ற வயதான பெண் குதிரையைக் கொடுத்தார். என் குதிரைக்கும் ஏதோ பெயர் சொன்னார். பயத்தில் காதில் விழவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல், கம்பிவேலி, கறுப்பு மாடுகள், அதற்குப் பின்னால் பனி உறைந்த மலை. எங்கே தண்ணீர் ஓடினாலும் லஸ்கர் இறங்கிப் பார்ப்பார். இறக்கிவிட ஒரு ஆள், ஏற்றிவிட இரண்டு ஆள் வேண்டும். முதல் நாள் மட்டும் பதினோரு தடவை. மறுநாள் பண்ணைக்காரர் ஒரு முக்காலியைத் தன் சேணத்தில் கட்டிக்கொண்டு வந்தார்.

அந்த இரண்டாம் நாள்தான் வாய்க்கால் கரையில் ஒரு பெண்மணியைப் பார்த்தோம். மலைத் தண்ணீரை வெட்டு வாய்க்கால் வழியே கொண்டுவந்து, மாட்டுக்கான புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள். அந்த மதகுகளைத் திறந்து மூடுவதும் கரையைச் சுற்றிப் பார்ப்பதும் அவர் வேலை. முன்பெல்லாம் இந்த வேலைக்காரர்கள் குதிரையில்தான் சுற்றுவார்களாம்; இவர் கரையோர மண் தடத்தில் பிக்கப் வண்டியில் வந்திருந்தார். மலர் இதை என்னிடம் சொல்லச் சொல்ல லஸ்கருக்கு முகம் விரிந்தது. "அப்ப இவங்க இந்த ஊரு லஸ்கரு!" என்று முக்காலிக்குக்கூடக் காத்திராமல் இறங்கி, பெரிய கும்பிடு போட்டார்.

பிறகு கரையில் குப்புறப் படுத்தார். அந்தப் பெண்மணி பதறிப்போனார். "ஒண்ணும் இல்லன்னு சொல்லு தம்பி. எலி வளை இருக்கு, இந்தப் பக்கம்" என்றார் லஸ்கர். மலர் வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண்மணியும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் படுத்துக் கேட்டார். எழுந்தவர், மதகைத் திருப்பும் சக்கரத்தை லஸ்கர் கையில் கொடுத்தார். லஸ்கர் அதை நாலு சுற்றுச் சுற்றினார். அந்த முகத்தை மலர் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நீங்கள் பார்த்ததிலேயே பெரிய வெள்ளம் எது என்று அந்தப் பெண்மணி கேட்டார். லஸ்கர், "கொள்ளிடத்துல ஒரு தடவ. மூணு நாள் கரையிலயே இருந்தேன். கரை நின்னுச்சு" என்றார். மலர் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது குரல் சரியாக இல்லை. பெண்மணிக்கு அது தெரியவில்லை. அந்த மூன்று நாளும் உங்கள் வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுவிட்டார்.

"அவங்க கேக்குறாங்க..." என்று ஆரம்பித்த மலரால் அதற்கு மேல் முடியவில்லை.

நான் இன்னும் குதிரை மேல்தான் இருந்தேன். இறங்கத் தெரியாது. அங்கிருந்தே சொன்னேன்.

"மலரு, நீ போன் பண்ணினத நான் அப்பாகிட்ட சொல்லவே இல்லம்மா."

"என்ன மாமா?"

"அதிகாரி சொல்ல வேணாம்னாரு. கரைக்குப் போனேன், அவரப் பாத்தேன். சேதி உண்டான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். அவருக்கு எதுவுமே தெரியாது."

பாதியில் என் குதிரை புல் மேய நகர ஆரம்பித்துவிட்டது. மிச்சத்தைத் திரும்பி உட்கார்ந்தபடி சொல்ல வேண்டியதாயிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை பேசப் போனால் அதுவும் இந்த லட்சணம்.

லஸ்கர் கத்தினார். "உன்ன எவன்யா கேட்டான்? வாய மூடிக்கிட்டு வரத் தெரியாதா உனக்கு?"

மலர் அவரைப் பார்த்து நேராகக் கேட்டாள். "ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

அவர் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "என்னத்தச் சொல்ல? இவரு சொல்லலன்னு இவரு மேல போட்டுட்டு நான் நல்லவனாயிடவா?"

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருப்பேன்னு சொல்லத்தான் ஆச" என்றார். தண்ணீரின் பக்கம் திரும்பினார். "தெரியலம்மா. நான் கைய எடுத்தா கீழ நாலு ஊரு போயிடும். பதினெட்டு வருஷமா யோசிச்சுப் பாக்குறேன். நெசமா தெரியல."

மலர் வேலியோரம் போய் முதுகைக் காட்டி நின்றாள். அந்தப் பெண்மணி ஏதோ தவறாகக் கேட்டுவிட்டோம் என்று கலங்கி, பிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் காபி ஊற்றினார். பண்ணைக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மலர் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. முக்காலியை எடுத்து டெய்சி பக்கத்தில் போட்டு, அப்பாவின் காலைத் தன் கையால் தூக்கி வைத்து ஏற்றிவிட்டாள்.

"தெரியலன்னாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

மிச்சப் பயணம் முழுக்க அவள் அவரோடுதான் குதிரையை ஓட்டி வந்தாள். திட்டினாள், அழுதாள், அம்மா கடைசியாகப் பேசியதை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு வாய்க்காலுக்குக்கூட இறங்கவில்லை. என்னிடம் மட்டும் இருவரும் பேசவில்லை. அவர் பதினெட்டு வருஷம் சுமந்ததை நான் பத்து நாள் சுமந்தேன். நியாயம்தான்.

நான் கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் மலர் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "எலுமிச்சம்பழ சாதம். உங்களுக்குன்னுதான் கட்டினேன் மாமா" என்றாள். லஸ்கர் என்னோடு ஊர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நாள் மகளோடு இருக்கப் போகிறார். என் தோளில் கையை வைத்து, "போய்ட்டு வா தம்பி. உன்னையத் திட்டுனது தப்புதான்" என்றார்.

விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை அவர் திரும்புவதற்காகப் போட்டது. காலியாகவே வந்தது. தாராளமாகக் கால் நீட்டிக்கொள்ளுங்கள் என்று பணிப்பெண் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை.