உளுந்து மாவில் ஒட்டிய கப்பல்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையையும் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டால் அது ஒழுங்காக முடிந்துவிட்டது என்று நம்பிவிடுவேன். பட்டியலில் இல்லாத ஏதாவது ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்ற சந்தேகமே எழாது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பழக்கம் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. காவேரிக் கரையில் வாங்கிக் கொடுத்த பெயர் வேறு.

அப்போது இண்டர்மீடியட் முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருந்தேன். ஜியாமெட்ரிகல் டிராயிங்கில் சர்க்கார் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். (எங்கள் தெருவில் அதை எழுதிய ஒரே பெண் நான்தான். நான் பாஸ் செய்ததைவிட, எழுதப் போனதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.) சென்னையில் இஞ்சினியரிங் படிப்புக்குப் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பத் தாளை வரவழைத்துவிட்டேன். அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா ஹைஸ்கூலில் சம்ஸ்கிருத வாத்தியார். மிகவும் நியாயமானவர். எது நியாயம் என்பதையும் அவரே தீர்மானிப்பார் என்பது ஒன்றுதான் சங்கடம்.

"கோடு போடறது வேற, சாமான் பண்றது வேற," என்றார். "உன் கையால ஏதாவது ஒரு சாமான் பண்ணு. அது செய்ய வேண்டிய காரியத்தை அது செய்யட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

"என்ன சாமான்ப்பா?"

"அது உன் இஷ்டம்."

இந்தச் சமயத்தில்தான் அத்திம்பேர், அதாவது அப்பாவின் தங்கை கணவர், சென்னையிலிருந்து வந்தார். துறைமுகத்தில் ஓர் ஆபீசில் வேலை. நான் சென்னைக்குப் போனால் தங்க வேண்டிய இடம் திருவல்லிக்கேணியில் அவர் வீடு. என் கதையைக் கேட்டுவிட்டு, "கப்பல் பண்ணேன்" என்றார், ஏதோ ரசம் பண்ணச் சொல்கிற மாதிரி. அடுத்த வாரமே மவுண்ட் ரோடு கடை ஒன்றின் கேட்லாக்கைத் தபாலில் அனுப்பிவைத்தார்.

அதில் மாதிரிக் கப்பல்கள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு இருந்தன. அளவாக வெட்டிய பலகைகள், ஈயத்தில் வார்த்த குட்டி நங்கூரம், நூல், வரைபடம் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நாம் செதுக்கி, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டியது. நான் மூன்றைத் தேர்ந்தெடுத்து, கட்டம் போட்டு, குணம் குற்றம் எழுதினேன். பாய்மரக் கப்பல்: பார்க்க அழகு, ஆனால் நூல் கட்டியே கிழவியாகிவிடுவேன். போர்க்கப்பல்: பீரங்கிகளைப் பார்த்தால் அப்பா என்ன சொல்வாரோ. சரக்குக் கப்பல்: ஒரு புகைபோக்கி, இரண்டு கம்பம், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. சரக்குக் கப்பலுக்கு டிக் அடித்தேன். நிஜக் கப்பலில் பதினாறு அடி என்றால் மாதிரியில் ஓர் அங்குலம். செய்து முடித்தால் ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாக வரும்.

துணைக்குப் புத்தகமும் வேண்டும். கேட்லாக்கில் இரண்டு இருந்தன. ஒன்று தடிமனானது, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் விளக்குவது, படங்கள் நிறைய. மற்றொன்று ஒல்லி, வெறும் வரைபடங்களும் அளவுகளும். "தடிப் புஸ்தகம் படம் பாக்கறவாளுக்கு. வரைபடம் படிக்கத் தெரிஞ்சவாளுக்கு ஒல்லிதான்" என்று அத்திம்பேருக்குக் கடிதம் எழுதினேன். அந்தத் தடிப் புத்தகத்தில் பசைக்கென்றே ஒரு முழு அத்தியாயம் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பெட்டி வந்து சேர்ந்தது. சாமான்களைச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன, பசையைத் தவிர. ஒல்லிப் புத்தகம் பசையைப் பற்றி ஒரே வரிதான் சொன்னது: நல்ல பசையாகப் பார்த்து ஒட்டவும்.

இங்கே பசையின் முக்கியத்துவத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கப்பல் ஒரே கட்டையில் குடைந்தது அல்ல. கப்பல் வடிவத்தில் வெட்டிய பலகைகளை அடைகளை அடுக்குவதுபோல ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒட்டினால்தான் உடம்பு வரும். ஆணி கிடையாது. முழுக் கப்பலும் பசையை நம்பித்தான்.

நல்ல பசை என்றால் தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ரம். திருச்சி பெரிய கடைவீதியில் வாங்கி வந்து, பழைய வெண்கலப் பானையில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, கொல்லைப்புறக் குமுட்டி அடுப்பில் காய்ச்சினேன். வாடை கொல்லையில் நிற்கவில்லை. பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணிக்கொண்டிருந்த அப்பாவின் மூக்கு வரை போயிற்று.

"என்னடி அது?"

"வஜ்ரம்ப்பா. மரம் ஒட்டறது."

"எதுலேர்ந்து பண்றா?"

வேறு யாராவதாக இருந்தால் 'தெரியாது' என்று சொல்லியிருப்பார்கள். நான் பட்டியல் போடுகிறவள். "மாட்டுத் தோல், குளம்பு, நரம்பு, கொஞ்சம் எலும்பு" என்று வரிசையாகச் சொன்னேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு மணி வரை அடுப்பு மூட்டவில்லை, தளிகை ஆகவில்லை. வீடு முழுவதும் கழுவப்பட்டது. அம்மா இரண்டு தரம் குளித்தாள். வெண்கலப் பானை தெருவோடு போயிற்று. (அது அம்மாவின் அம்மா கொடுத்த பானை. நான் பழசு என்று எடுத்தேன். அம்மா அதைப் பழசு என்று நினைக்கவில்லை.) அப்பா கோபப்படவில்லை. "கப்பல் பண்ணு. ஆனா இந்த ஆத்துக்குள்ள வஜ்ரம் வரப்படாது" என்றார். தீர்ப்பு முடிந்தது.

சைவப் பசைகளை எழுதிப் பார்த்தேன். வேலம்பிசின், புளியங்கொட்டை, கஞ்சி. எதுவும் திருப்தியாக இல்லை. அப்புறம் கோபுரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் உளுந்தும் சேர்த்து அரைத்துக் கட்டினார்கள் என்று படித்திருந்தேன். கோபுரம் நிற்கிறது. கப்பல் நிற்காதா?

உளுந்தை ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, வெல்லப்பாகும் வேலம்பிசினும் கலந்தேன். சுண்ணாம்பு சேர்த்தால் மரம் கறுத்துவிடும் என்று அதை விட்டுவிட்டேன். அதாவது கோபுரத்தை நிறுத்தியிருக்கும் ஒரே பொருளை நீக்கிவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் உப்புப் போட்டா வடை தட்டலாம்" என்றாள்.

சோதனை செய்யாமல் எதையும் உபயோகிக்க மாட்டேன். இரண்டு துண்டுப் பலகைகளை ஒட்டி, காயவைத்து, அதிலிருந்து அம்மிக் குழவியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் காலையிலும் குழவி அப்படியே தொங்கியது. டிக்.

வேலை நடக்க நடக்க ஒரு சின்னத் தொந்தரவு வந்தது, எறும்பு. வெல்லம் அல்லவா. கப்பல் இருந்த மேஜையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திவைத்தேன். ஆகக் கோடை முழுவதும் கப்பலைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. எனக்கு மட்டும் அந்தத் தண்ணீரைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

ஆனி மாதம் மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தது. அத்திம்பேரும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, அம்மா, அத்திம்பேர், மடியில் கப்பலோடு நான், எல்லோரும் ஜட்கா வண்டியில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். கப்பலுக்கு அடியில் சிவப்பு, மேலே கறுப்பு, புகைபோக்கி மஞ்சள். வெயிலில் அடிப்பக்கம் வர்ணத்தில் ஒரு மெல்லிய கீறல் விட்டிருந்தது. அற்பம் என்று முடிவு செய்தேன். விண்ணப்பத் தாள் அப்பாவின் அங்கவஸ்திர மடிப்பில் இருந்தது. பேனாவையும் கொண்டுவந்திருந்தார்.

படிக்கட்டோரம் தண்ணீர் இழுப்பில்லாமல் இருந்தது. கப்பலை விட்டேன். அது மிதந்தது. சாயவில்லை, தலை குப்புறவில்லை. சிவப்பு முடிந்து கறுப்பு ஆரம்பிக்கும் கோடு வரை மூழ்கி, தராசு மாதிரி நேராக நின்றது.

"பேஷ்," என்றார் அத்திம்பேர். "எங்க ஹார்பர்ல வர்றதுல பாதி இவ்வளவு நேரா நிக்கறதில்லை."

குளித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா பேனாவின் மூடியைத் திருகினார். நான் அந்த மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கப்பல் லேசாக நடுங்கியது.

அந்தப் படித்துறை மீன்களுக்குத் தினமும் யாராவது பொரி போடுவார்கள். மனிதர்களைப் பார்த்தாலே பக்கத்தில் வரும் மீன்கள். முதலில் விரல் நீளத்தில் நாலைந்து வந்தன. கீறல் வழியாகக் கரைந்து வந்த வெல்லத்தின் ருசி பார்த்திருக்க வேண்டும். அவை போய்ச் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு வந்தன. முழங்கை நீளத்தில் ஒன்று கீழே இருந்து முட்டியது. கப்பல் ஒரு துள்ளுத் துள்ளி உட்கார்ந்தது.

"அலை அடிக்கறதா?" என்று கேட்டாள் அம்மா.

"மீன்," என்றார் அத்திம்பேர்.

முதலில் அடிப்பலகை கழன்று தனியாக வெளியே வந்தது. ஒட்டும்போது நான் பென்சிலால் எழுதிய 'ஒன்று' என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. பின்னாலேயே இரண்டு. அப்புறம் மூன்று. வரிசை தப்பாமல் வந்தன, அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பலகையின் மேலும் கீழும் மீன்கள் பந்தி உட்கார்ந்திருந்தன. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, "நாலைப் பிடிங்கோ அத்திம்பேர், ஆறு அந்தப் பக்கம் போறது" என்று சொல்லிக்கொண்டே பொறுக்கினேன். புகைபோக்கி மட்டும் இழுப்பில் அகப்பட்டுக் கல்லணைப் பக்கம் கிளம்பிவிட்டது. அந்தக் கப்பலில் கடலுக்குப் போக முயன்ற ஒரே பாகம் அதுதான்.

துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "ஏம்மா, மீனுக்குப் போடறதுன்னா காலணாவுக்குப் பொரி வாங்கிப் போட்டா ஆகாதா? இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெயிண்டு?"

அப்பா பேனாவின் மூடியைத் திரும்பத் திருகி மூடினார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஜட்கா வீட்டுக்குத் திரும்பியது. ஈரப் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு, இனி என்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டேன். முதல் எண்ணுக்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அப்பா கூப்பிட்டார்.

"கப்பல் உருவத்துல ஏதாவது கோளாறோ?"

"இல்லேப்பா. நேராத்தான் நின்னுது."

"அப்ப எதனால பிரிஞ்சுது?"

"பசையால."

"வஜ்ரம் போட்டிருந்தா?"

"நின்னிருக்கும்னு நினைக்கறேன்."

அப்பா யோசித்தார். "வஜ்ரம் வேண்டாம்னது நான். அது தப்பில்லை. அதை இந்த ஆத்துல என்னிக்கும் காய்ச்ச முடியாது. அப்படின்னா இந்த ஆத்துல இருந்துண்டு நீ ஒரு சாமானையும் உருப்படியாப் பண்ண முடியாது." விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "மதராஸ்ல போய் ஒட்டு."

"அப்போ எங்காத்துல காய்ச்சலாமோ?" என்று அத்திம்பேர் கேட்டார்.

"அது உங்க பாடு மாப்பிள்ளை."

சென்னையில் முதல் வருஷமே பட்டறை வகுப்பில் ஒரு விஷயம் தெரிந்தது. வஜ்ரமும் தண்ணீரில் பிரிந்துவிடும். தண்ணீரில் போட்டுக் காய்ச்சித்தானே அதைப் பசையாக்குகிறோம். நானே காய்ச்சியிருக்கிறேன். அதைப் போட்டிருந்தாலும் அந்தக் கப்பல் நின்றிருக்காது.

தீபாவளி லீவில் வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"அப்போ எதைப் போட்டிருந்தாலும் பிரிஞ்சிருக்கும்."

"ஆமாம்ப்பா."

"வஜ்ரம் போட்டிருந்தா, காவேரி மீன் அந்தத் தோலையும் குளம்பையும் தின்னிருக்கும்."

"தின்னிருக்கும்."

"அதான். நான் வேண்டாம்னது எவ்வளவு சரியாப் போச்சு பாரு," என்று சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினார். கையெழுத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

படிப்பு முடிந்து, இப்போது ஒரு டிராயிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். என் பட்டியல்களின் கடைசி வரி, எந்த வேலையானாலும், 'தண்ணீரில் போட்டுப் பார்க்கவும்.' வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என்னை அறிமுகம் செய்யும் விதமும் மாறவில்லை: "இவ இஞ்சினியர். காவேரி மீனுக்கெல்லாம் ஒரு கப்பல் நிறையத் ததியாராதனம் பண்ணினவ." அடியார்களை உட்காரவைத்து விருந்து போடுவதற்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர். வந்தவர்கள் என்னைக் கொஞ்சம் பக்தியோடு பார்ப்பார்கள்.

போன லீவில் அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல என்னைப் பார்த்து, "கப்பலுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா?" என்றாள்.

"வை," என்றேன். "உப்புப் போடறதுக்கு முன்னாடி."