நிலவேம்பு விஸ்கி

மாலை ஆறு இருபது. நான் முதலில் பார்த்தது, என் மாமனார் வெளியே நீட்டிய நாக்கை. பிறகுதான் அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். அதில் இருந்தது என் தயாரிப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம், அம்பத்தூரை அடுத்த மேனாம்பேடு. மாமனார் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயிற்றில் புற்றுநோய். கேட்டதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டது, மகன் செல்வம் துபாயிலிருந்து கொண்டுவந்த விஸ்கியில் ஒரு வாய்.

அப்படியே ஊற்றிக் கொடுத்திருக்கலாம். நான் பத்திரிகைக்காரன், வெளிநாட்டு இதழ்கள் படிப்பவன் (அந்தத் திமிர்தான்). அதில் ஒன்றில் 'ஓல்டு ஃபேஷன்ட்', அதாவது 'பழைய பாணி', என்றொரு கலவை பற்றிப் படித்திருந்தேன். விஸ்கி, சர்க்கரை, தண்ணீர், சில சொட்டு கசப்புச் சாறு. மதுக்கடைக்காரர்கள் கண்டதையும் சேர்க்கத் தொடங்கியபோது, அமெரிக்காவில் சிலர் பழையபடியே கொடு என்று கேட்டார்களாம். பெயர் அப்படி வந்தது. அந்தக் கசப்புச் சாறு முதலில் வயிற்று மருந்தாக விற்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. வயிறு என்றதும் என் மூளை வேலை செய்தது.

காய்ச்சலுக்கு வாங்கிய நிலவேம்பு வீட்டில் இருந்தது. ஒரு டம்ளர் கஷாயம் வைத்தேன். பார்க்க வந்தவர்கள் கொடுத்த சாத்துக்குடியின் தோலைச் சீவினேன். அந்த வீட்டில் எது செய்தாலும் வந்தவர்கள் எல்லோருக்கும் போதவேண்டும். அதனால் புட்டி முழுவதையும் கஷாயம் முழுவதையும் எவர்சில்வர் ஜக்கில் கவிழ்த்துக் கலக்கினேன். ருசி பார்க்கவில்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது (அதை அன்று யாரும் கேட்கவில்லை).

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு மாமனார் கேட்டார்: "மாப்ளே, உங்களுக்கு நான் இன்னா கொற வச்சேன்?"

செல்வம் ஜக்கை வாங்கி ஒரு மடக்கு குடித்தான். "மச்சான்! நோவு எங்கப்பாவுக்கா, விஸ்கிக்கா? முழு பாட்டிலும் காலியா?"

மாமனார் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"உடுறா, படிச்ச புள்ள," என்றார் மகனிடம். "நாளைக்கு எப்பவும் போல சோடா ஊத்திக் குடு. போதும்."

செல்வம் உடனே சைக்கிளில் அம்பத்தூர் போய் வேறொரு புட்டி வாங்கி வந்தான். மறுநாள் காலை அவருக்குத் தண்ணீரே இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

இன்றும் அந்த வீட்டில் நான் காப்பி கலக்கப் போனால், "மச்சான், அதுல இன்னா போட்ட?" என்று கூடத்திலிருந்து செல்வத்தின் குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

அம்பத்தூரில் வாங்கிய புட்டி பீரோவில் இருக்கிறது. மூடி திறக்கவில்லை.